ஒத்திகைப் பாவம்

“சாமி, நான் பாவி, என்னை ஆசீர்வதியும்... டீச்சர், நெஜமாவே உங்கள சாமின்னுதான் கூப்பிடணுமா?”

“கூப்பிடும்மா. இன்னிக்கு ஒரு நாளைக்கு நான்தான் சாமியார்.”

மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் முதல் பாவசங்கீர்த்தனம் மறுநாள். ஞாயிறன்று, ஈஸ்டர் திருப்பலியில், முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மை. ஒத்திகையை வழக்கமாக நடத்தும் மறைக்கல்வி ஆசிரியை காய்ச்சலில் படுத்துவிட்டார். ஆகவே வகுப்பாசிரியையே நூலக அறையில் கரும்பலகைத் தாங்கியின் மேல் ஊதாத் துணியைத் தொங்கவிட்டு, அதன் பின்னால் அமர்ந்திருந்தார். பிள்ளைகள் வராந்தாவில் வரிசையாக நின்றார்கள். இதுவரை பதினோரு பேர் வந்து போயிருந்தனர். ரயில் வண்டியைத் திருடிவிட்டதாகச் சொன்ன ஒருவனை, குறும்பு என்று காதைத் திருகி அனுப்பியிருந்தார்.

இப்படிக் கேட்டுக்கொண்டு பன்னிரண்டாவதாக வந்தவள் குருவி. அவளுடைய கீச்சுக் குரலுக்கு வகுப்பே சூட்டிய பெயர் அது.

“சரி, பாவத்தைச் சொல்லு.”

குருவி கைகூப்பிக்கொண்டு ஒரே மூச்சில் ஒப்பித்தாள். “பாடம் நடக்கிற நேரத்துல பின்பக்கக் கேட்டைத் திறந்துகிட்டு கடைக்குப் போனேன் சாமி. திரும்பி வந்தப்போ தாழ்ப்பாள் போட மறந்துட்டேன். அந்த வழியாத்தான் ஒண்ணாம் வகுப்புப் பாப்பா ரோட்டுக்குப் போயிடுச்சு. பழி வாட்ச்மேன் மேல விழுந்துச்சு. நான் வாயே திறக்கல.”

ஆசிரியையின் கையிலிருந்த ஜெபப் புத்தகம் நழுவித் தரையில் விழுந்தது. அதைக் குனிந்து எடுக்க வேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை.

இரண்டு வாரத்துக்கு முந்தைய அந்தச் செவ்வாய்க்கிழமையை மறந்தவர் அந்தப் பள்ளியில் எவருமில்லை. லாரிச் சக்கரத்துக்கு ஒரு முழ தூரத்தில் நின்றிருந்த குழந்தையை யாரோ ஒரு புண்ணியவான் அள்ளிக்கொண்டு வந்து சேர்த்தார். “என் கையால தாழ்ப்பாள் போட்டேன் சிஸ்டர், சத்தியமா போட்டேன்” என்று காவலாளி தலைமையாசிரியையிடம் தலையிலடித்துக்கொண்டு சொன்னதை ஒருவரும் நம்பவில்லை. இருபத்திரண்டு வருட வேலை. இன்று கடைசி மணி அடித்ததும் சீருடையை ஒப்படைத்துவிட்டுப் போக வேண்டியவர், ஜன்னலுக்கு வெளியே தம் சாப்பாட்டுத் தூக்கைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்.

“இதை வேற யார்கிட்டயாவது சொன்னியா?” ஆசிரியையின் குரல் அவருக்கே அந்நியமாக இருந்தது.

“இல்ல சாமி.”

“சொல்லாதே. இங்க சொன்னது இங்கயே இருக்கணும். உன் நல்லதுக்குத்தான் சொல்றேன் கண்ணு.”

“அப்போ வாட்ச்மேன் மாமா?”

“அது பெரியவங்க விஷயம். நீ போ, அடுத்த ஆளை அனுப்பு.”

“அவ எங்கயும் போக வேண்டாம்!”

புத்தக அலமாரிக்குப் பின்னாலிருந்து தலைமையாசிரியையான கன்னியாஸ்திரீ வெளிப்பட்டார். புனித வெள்ளிக்கான திருப்பாடுகளின் புத்தகத்தைத் தேடி வந்தவருடைய முகம் வெளிறிப்போயிருந்தது.

“எல்லாம் என் காதுல விழுந்துது. ஏண்டி, ஒரு மனுஷன் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டு, பால் குடிச்ச பூனை மாதிரி இத்தனை நாளா உட்கார்ந்திருந்தியா?”

குருவி திருதிருவென்று விழித்தாள்.

ஆசிரியை எழுந்தார். எதையோ சொல்ல வாயெடுத்தார். பிறகு குழந்தையின் தோளில் மெல்லக் கையை வைத்தார்.

“சின்னப் பிள்ளைதானே சிஸ்டர். தெரியாம செஞ்சிருப்பா. தயவுசெஞ்சு பெரிசுபடுத்த வேண்டாம். வாட்ச்மேனை இருக்கச் சொல்லிடுவோம். அதோட முடிஞ்சு போகட்டுமே.”

“அவரை நானே கைகூப்பிக் கூப்பிட்டுக்கறேன். ஆனா இவ விஷயம் அப்படி முடியாது. நாளைக்கு அசெம்பிளில எல்லார் முன்னாலயும் அவர்கிட்ட மன்னிப்புக் கேக்கணும். இந்த ஞாயித்துக்கிழமை இவளுக்குப் புதுநன்மை கிடையாது. அடுத்த வருஷம் பார்க்கலாம்.”

“சிஸ்டர்!” குருவியின் உதடு பிதுங்கியது. “அம்மா வெள்ளை கவுன் தைச்சிட்டாங்களே!”

“அதைக் கடைக்கு ஓடறதுக்கு முன்னாடி நினைச்சிருக்கணும். அப்படி என்னத்தடி வாங்கப் போனே? மிட்டாயா?”

“முடிச்சாயம் சிஸ்டர்.”

“என்னது?”

“நரைக்குப் போடுவாங்களே, அது.”

“எட்டு வயசுல உனக்கு எங்கடி நரை?”

அவ்வளவுதான், குருவி ஓவென்று அழத் தொடங்கிவிட்டாள்.

“இது என் பாவமே இல்ல சிஸ்டர்! ஒத்திகைல சொந்தப் பாவத்தைச் சொல்லாதீங்க, வெளிய கேட்டுடும், வேற ஏதாவது சொல்லுங்கன்னு மறைக்கல்வி டீச்சர்தான் சொன்னாங்க. எனக்கு ஒண்ணுமே தோணல. போன வெள்ளிக்கிழமை அம்மாகூட கோயிலுக்குப் போனேனா, அங்க திரைக்குள்ள ஒருத்தங்க சொன்னது பெஞ்சு வரைக்கும் கேட்டுச்சு. அதைத்தான் சொன்னேன்.”

“யார் சொன்னது?”

குருவி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, தன் தோளில் கை வைத்திருந்தவரை ஒன்றும் புரியாமல் நிமிர்ந்து பார்த்தாள்.

“ஈஸ்டருக்கு முன்னாடி சிஸ்டர்கிட்ட போய் உண்மையைச் சொல்லிடும்மான்னு சாமியார் உங்ககிட்ட அவ்வளவு தூரம் சொன்னாரே... இன்னுமா சொல்லல டீச்சர்?”