கிணற்றடியில் ஒரு செம்பு

பழைய சாயப்பட்டறை நிலத்தில் பள்ளிக்கூடம் கட்ட நினைத்தோம். வாங்குவதற்கு முன் மண்ணையும் நீரையும் சோதிக்க ரெஜினா வந்திருந்தார். "தண்ணி கல்கண்டாட்டம் இருக்குமுங்க" என்று நிலத்துக்காரர் செங்கோடன் கிணற்றைக் காட்டினார். அவர் மனைவி வீட்டுக்குள்ளிருந்து செம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்தார்.

ரெஜினா வாங்கிக்கொண்டு, "கிணத்துத் தண்ணிங்களாம்மா?" என்று ஆசையாகக் கேட்டார்.

அந்த அம்மாள் பதறிப்போனார். "ஐயோ, வந்தவங்களுக்கு அதைக் குடுப்பமுங்களா? கேன் தண்ணி கண்ணு, தைரியமாக் குடி."

செங்கோடன் தலை குனிந்தார். இத்தனை மரியாதையாக ஒரு பொய் உடைந்து நான் பார்த்ததில்லை.

ரெஜினா கடைசிச் சொட்டுவரை குடித்துச் செம்பைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு பையிலிருந்து காலிப் புட்டியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனார். ராட்டினக் கயிற்றில் அதைக் கட்டி உள்ளே இறக்கியது அந்த அம்மாள்தான்.