பெல்ஜியத்து வாடிக்கையாளர்

"ஒரு பாட்டிலைப் பதினெட்டு யூரோவுக்கு வித்தோம். இப்ப தரகர் ஆறுக்குக் கேக்கறார். நம்ம போர்தோ பக்கத்து ஒயின்னாலே வாங்கறவங்க முகத்தைத் திருப்பிக்கறாங்களாம்," என்றபடி கஸ்தோன் சாப்பாட்டு மேசையில் சாய்ந்தார். "திராட்சைக் கொடியெல்லாம் பிடுங்கிடலாம், மிரேய். வியாழக்கிழமை இயந்திரம் வருது."

அவர் மனைவி சூப்பை ஊற்றினாள்.

"அந்த பெல்ஜியத்துக்காரரை நினைச்சாத்தான் கஷ்டமா இருக்கு. ஆறு வருஷமா பழைய விலைக்கே நாற்பது பெட்டி வாங்கறார். பேரமே பேசினதில்ல."

"நல்ல மனுஷன், புரிஞ்சுக்குவார்," என்றாள் மிரேய் அவசரமாக. "நான் கடிதம் எழுதிடறேன்."

"வேண்டாம். முந்தாநாள் அவர் விலாசத்துக்கு நேர்லயே போயிட்டு வந்துட்டேன்."

மிரேயின் கையிலிருந்த கரண்டி நின்றது. "பிரஸ்ஸெல்ஸுக்கா? தரகரைப் பார்க்கப் போறேன்னு சொன்னியே!"

"அந்த வீட்டுல உன் தங்கச்சிதான் கதவைத் திறந்தா. கராஜ்ல கூரை வரைக்கும் நம்ம பெட்டி. ஒண்ணுகூடப் பிரிக்கல. அவ கார் தெருவுல நனையுது."

அவள் தலைகுனிந்தாள். "நீ உடைஞ்சு போயிடுவியோன்னு பயந்தேன், கஸ்தோன்."

"உங்க அம்மா வீட்டை வித்த பணமா?"

"ம்."

"எவ்வளவு மிச்சம்?"

"இன்னும் ஒரு வருஷம் வாங்கலாம்."

கஸ்தோன் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அதை நீயே வெச்சுக்கோ. அதுக்குத்தான் கொடியைப் பிடுங்கச் சொன்னேன்."