கீழே ஓடும் எழுத்து

"கீழே எழுத்து ஓடுறது மட்டும் வேண்டாம், முதலாளி. மத்தபடி இது நல்ல சாப்ட்வேர்தான்" என்றாள் ஹேரிம். சொல்லும்போது அவள் மாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

மா தோக்கியு காகிதக் கோப்பையிலிருந்த காபியை ஒரு மடக்குக் குடித்தார். கொரியாவின் தேகு நகரில் பதினான்கு பேரை வைத்து மூக்குக்கண்ணாடி ஃப்ரேம் செய்யும் பட்டறை அவருடையது. ஜப்பான்காரர் குரொய்வாதான் பெரிய வாடிக்கையாளர். மாதம் ஒருமுறை விமானம் ஏறி வந்துகொண்டிருந்தவருக்கு இப்போது முழங்கால் வலி. இனிமேல் எல்லாப் பேச்சும் கம்ப்யூட்டரில்தான் என்றாகி, எந்த சாப்ட்வேரை வாங்குவது என்று ஒரு வாரமாகச் சோதனை.

இரண்டைத் தள்ளியாயிற்று. ஒன்றில் குரல் விட்டுவிட்டு வந்தது. இன்னொன்றில் பழுப்பு ஃப்ரேம் கறுப்பாகத் தெரிந்தது.

இது மூன்றாவது. குரொய்வா ஜப்பான் மொழியில் பேசப் பேச, திரையின் அடியில் அது கொரிய மொழியில் எழுத்தாக ஓடும். இலவசச் சோதனையில் அந்த ஒரு பக்கம் மட்டும்தான். மா பேசுவதைக் குரொய்வாவுக்கு எடுத்துச் சொல்ல இன்னும் ஹேரிம்தான் வேண்டும், பதினேழு வருடமாகச் சொல்லி வருவதைப்போல.

"ஏன் வேண்டாங்கறே? வேலை போயிடும்னு பயமா?"

"மெஷின் இடம் பொருள் பார்க்காது. வந்ததை அப்படியே கொட்டிடும்."

"எனக்கு அதான் வேணும்."

காரணம் இருந்தது. பேரத்தில் மா எதுவரை இறங்குவார் என்பது குரொய்வாவுக்கு எப்படியோ தெரிந்துவிடுகிறது. "நாப்பது நாள்ல தர்றோம்னு சொல்லு. ரொம்பக் கேட்டா இருபத்தாறுக்கு இறங்கு" என்று பேச்சின் நடுவிலேயே கொரிய மொழியில் ஹேரிமிடம் சொல்வார். குரொய்வா நேராக இருபத்தாறில் வந்து நிற்பார். அந்தக் கெடுவைப் பிடிக்கப் பட்டறை ஞாயிற்றுக்கிழமையும் ஓடும். அந்த இருபத்தாறு தெரிந்தவர்கள் இரண்டே பேர்.

திரையில் குரொய்வா வந்தார். மூன்று பேரும் தலை குனிந்து வணங்கிக்கொண்டார்கள்.

"என்ன குரொய்வா சார், மண்டை போன மாசத்தைவிடப் பளபளன்னு இருக்கு? எங்க பட்டறையில பாலிஷ் போட்ட மாதிரி!" என்றார் மா. ஹேரிம் அதை மொழிபெயர்த்து முடிப்பதற்குள் குரொய்வா சிரிக்க ஆரம்பித்துவிட்டார். அவருக்கு எப்போதும் சிரித்த முகம்.

பிறகு குரொய்வா கொஞ்ச நேரம் மெதுவாகப் பேசினார்.

"ஃப்ரேம் காம்பு மடங்கற கீலை இன்னும் கொஞ்சம் கவனிச்சா நல்லா இருக்கும்ங்கறார்" என்றாள் ஹேரிம்.

அடியில் ஓடிய எழுத்து வேறு சொன்னது. 'உங்கள் கீல்கள் இரண்டே மாதத்தில் தளர்ந்துவிடுகின்றன. கடைக்காரர்கள் திருப்பி அனுப்புகிறார்கள். அவர்கள் முன்னால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.'

மா கோப்பையைக் கீழே வைத்தார். "இதுதான் கொஞ்சம் கவனிக்கறதா?"

ஹேரிமின் காது சிவந்துவிட்டது. "அப்படியே சொன்னா நீங்க அங்கேயே கத்தி வியாபாரத்தை முறிச்சிருவீங்க. மறுநாள் கீல் போடறவங்ககிட்ட முழுசையும் சொல்லிடுவேன். வேணும்னா கேட்டுப் பாருங்க."

"எத்தனை நாளா இந்தக் கைங்கரியம்?"

"ஆரம்பத்துலேர்ந்தே."

"பதினேழு வருஷம்! அவர் பேச்சை எனக்குக் குறைச்சுக் குடுத்தே. என் பேச்சை அவருக்குக் கூட்டிக் குடுத்தியா? இருபத்தாறை யாரு சொன்னா?"

"முதலாளி, அவர் பார்த்துக்கிட்டிருக்கார். பேசி முடிச்சப்புறம் வச்சுக்கலாம்."

"பார்க்கட்டும். உனக்கு என்ன குடுத்தாரு, அதைச் சொல்லு."

"நான் சொல்லியிருந்தா, ஞாயித்துக்கிழமை வந்து உங்களோட உட்கார்ந்து நான் ஏன் பெட்டி கட்டணும்?"

"நல்லா நடிச்சே. நானும் நம்பினேன். என் பொண்டாட்டிகிட்ட மறைச்சதைக்கூட உன்கிட்ட மறைச்சதில்லையே!"

அவள் எழுந்தாள். ஆபீஸுக்குள் மட்டும் போடும் செருப்பைக் கழற்றி, மேஜையடியில் ஜோடி சேர்த்து வைத்தாள். மூன்று சாப்ட்வேர்களையும் ஒப்பிட்டு அவள் தயாரித்திருந்த தாளை அவர் பக்கம் நகர்த்தினாள். மூன்றாவதன் பெயரைச் சுற்றி வட்டம் போட்டிருந்தது.

"இதையே வாங்கிக்கோங்க. எனக்குத்தான் அந்த எழுத்து பிடிக்கல. கம்பெனிக்கு இதுதான் சரி."

திரையைப் பார்த்து எப்போதும்போல ஆழமாகக் குனிந்து வணங்கிவிட்டு வெளியே போனாள். படியில் அவள் இறங்கும் சத்தம் கேட்டது. பிறகு தெருக்கதவு சாத்தும் சத்தம்.

மா முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஒரு சிரிப்பை வரவழைத்துத் திரைப்பக்கம் திரும்பினார். அவர் பேச்சைக் கொண்டுபோக இப்போது ஆளில்லை. வாசலைக் காட்டி, ஒன்றுமில்லை என்று கையை ஆட்டினார்.

குரொய்வா சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். பிறகு வாயைத் திறந்தார்.

அடியில் எழுத்து ஓடவில்லை. அவர் பேசியது ஜப்பான் மொழியே இல்லை. தேகு சந்தையில் கேட்கிற அதே இழுவையோடு, பிசிறில்லாத கொரிய மொழி.

"அவங்களைக் கூப்பிடுங்க, மா சார். எல்லாமே உங்க வாயால நான் கேட்டதுதான்."