சிக்கிக்கொண்ட கைத்துப்பாக்கி

துப்பாக்கிக் கடையின் சுடுதளத்தில், நம்பி இடுப்பில் வைக்கலாமா என்று சோதித்த மூன்றாவது சின்னத் துப்பாக்கியும் ராய்ஸுக்கு ஐந்தாவது குண்டிலேயே சுடாமல் சிக்கிக்கொண்டது. முப்பது வருஷம் டென்னசி போலீஸில் இருந்தவர் முகம் சுண்டிப்போனது.

"என் கைதான் போச்சோ, வெர்னா?"

"கொண்டாய்யா இங்க." மனைவி வாங்கிச் சுட்டாள். அவளுக்கும் சிக்கியது. "உன் கைக்கென்ன? இது வெறும் தகரம்!"

ராய்ஸ் சிரித்துக்கொண்டே காபி வாங்கப் போனார்.

கடைக்காரர் ஹாஸ்கெல் அதே துப்பாக்கியில் இருபது குண்டு சுட்டார். ஒன்றுகூடச் சிக்கவில்லை.

"பிடி தளர்ந்தாதான் இது சிக்கும். துப்பாக்கி சுடுற போட்டியில கோப்பை வாங்கினவ நீ, மணிக்கட்டை ஏம்மா தளர விட்டே?"

"அவருக்கு மட்டும் சிக்கினா மனுஷன் உடைஞ்சிடுவாரு அண்ணே. பிடி தளர்ந்தாலும் சுடுற ரிவால்வர் ஒண்ணு எடுங்க. நான் ஆசைப்பட்டேன்னு சொன்னா வச்சுக்குவாரு."