ஜெபராஜின் நிழல்

செல்போன் கோட்டை விளையாட்டில் ஐவர் அணிகளின் இறுதியாட்டம் தொடங்கிய ஐந்தாவது நிமிடமே, துறைமுகத்தில் கிரேன் ஓட்ட ஜெபராஜைக் கூப்பிட்டுவிட்டார்கள். அவன் எழுந்து போனதும், வழக்கம்போல அவனுக்குப் பதிலாக ஆடும் கணினி நிழல் களத்தில் இறங்கியது. அவனது பழைய ஆட்டங்களைப் பார்த்துப் பழகிய நிழல், அவன் செய்வதைத்தான் செய்யும்.

அதே அணியில் ஆடிய அவன் மனைவி மெர்லின், ஆட்டத்தின் காட்டுப்பாதையில் மூன்று எதிரிகளிடம் சிக்கினாள். காவலுக்கு நின்ற நிழல் கோட்டையை அப்படியே போட்டுவிட்டு அவளிடம் ஓடிவந்தது. அவள் பிழைத்தாள்; கோட்டை விழுந்தது, கோப்பையும் போனது.

"மெஷின்ல கோளாறு மைனி! விடக்கூடாது," என்று கொதித்த கொழுந்தன் ஆன்டன் விளையாட்டு நிறுவனத்துக்குப் புகார் அனுப்பினான்.

பதில் உடனே வந்தது. கோளாறு எதுவும் இல்லை. ஒன்பது வருடங்களில் மெர்லினுக்காக ஜெபராஜ் கோட்டையை விட்டு ஓடியது எழுநூற்றுப் பதினோரு முறை.

ஒவ்வொரு முறையும் அவளிடம், "சும்மா இந்தப் பக்கம் வந்தேன், ஒனக்காக ஒண்ணும் இல்ல," என்றுதான் சொல்லியிருக்கிறான்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததுமே ஜெபராஜ் கத்தினான். "கோட்டைய விட்டுட்டு எங்கட்டி போச்சு அந்த நிழலு?"

மெர்லின் சிரிப்பை அடக்கிக்கொண்டு, சீலா மீனின் பெரிய துண்டை அவன் தட்டில் வைத்தாள்.

"சும்மா இந்தப் பக்கம் வந்துச்சாம்," என்றாள்.