ஒழுகாத வீடு

ஐப்பசி மழைக்கு முன்னால் மொட்டை மாடியில் வேப்பஞ்சருகை வாரி, தண்ணீர் இறங்கும் குழாயின் அடைப்பைக் குத்திவிட்டு, விரிசலில் எல்லாம் சிமெண்டுப் பால் ஊற்றி முடிப்பதற்குள் ராஜவேலின் இடுப்பு ராஜினாமா எழுதிவிட்டது.

“வாடகை வூட்டுக்கு இம்புட்டு ஒழைப்பாண்ணே?” என்று கீழேயிருந்து சிரித்தான் பக்கத்து வீட்டு அமல்தாஸ். அவன் வீடு நாலு வருஷமாக ஒழுகுகிறது. குண்டான் வைத்துப் பிடித்துக்கொள்கிறான். இரண்டு வீட்டுக்கும் ஓனர் ஒருவரே.

“ஓனரு வாயத் தெறக்க ஒரு காரணம் இருக்கக் கூடாது தம்பி. ஏற்கெனவே மூணு வூடு மாறியாச்சு. பாப்பா பன்னெண்டாவது முடிக்கிற வரைக்குமாவது இங்கயே கெடக்கணும்.”

அடுத்த ஞாயிறு ஓனர் வைத்திலிங்கம் பெரம்பலூரிலிருந்து வந்தார். சுவரைத் தட்டினார், குழாயைத் திருகினார், அண்ணாந்து பார்த்தார். கண்ணே கலங்கிவிட்டது அவருக்கு.

“என் சொந்த வூட்டக்கூட நான் இப்படி வச்சுக்கல, ராஜவேலு.”

ராஜவேலுக்கு இடுப்பு வலி போன இடம் தெரியவில்லை.

“தையில பொண்ணுக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்கு இங்க அரியலூர்லதான் வேலை. ரெண்டுல எந்த வூட்டக் குடுக்கறதுன்னு கொழம்பிக்கிட்டிருந்தேன். அமல்தாஸ் வூட்டுல மனுசன் இருப்பானா? நீங்க கார்த்திகைக்குள்ள காலி பண்ணிடுங்க. மார்கழில வூடு மாறக் கூடாது பாருங்க.”

சாமான் ஏற்ற அமல்தாஸ்தான் கை கொடுத்தான்.

கல்லங்குறிச்சி ரோட்டுப் புது வீட்டில் சமையலறைக் குழாய் சொட்டியது. பழக்கதோஷத்தில் ராஜவேல் ஸ்பேனரை எடுத்தார். மனைவி ஹேமலதா அதைப் பிடுங்கிக்கொண்டாள்.

“சொட்டட்டும் விடுங்க. புள்ள பன்னெண்டாவது முடிக்கட்டும்.”