படித்துறை திறக்கும்வரை

என் தங்கையின் படகு ஆற்றின் நடுவில் நின்றது. கரையிலிருந்து கல்லெறி தூரம்.

வந்தது காலை எட்டு மணிக்கு. இப்போது பத்தரை.

படகில் தங்கை நூரிஸ் இருந்தாள். மடியில் அவள் பிள்ளை யெய்லின். நாலு வயது, மலேரியா. துணைக்கு ஊர்ப் பெண்கள் இரண்டு மூன்று பேர். படித்துறையிலிருந்து ஆஸ்பத்திரி மூன்று தெரு தள்ளி. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினால் ஐந்து நிமிடம்.

ஓடத் தயாராகத்தான் நின்றேன். கிப்தோ படித்துறையில் வருகிற படகுகளைக் கயிறு பிடித்துக் கட்டுவது என் வேலை. பதினோரு வருடமாகக் கட்டுகிறேன். இந்தப் படகைக் கட்ட விடவில்லை.

படித்துறை மூடப்பட்டிருந்தது. தலைநகரிலிருந்து அமைச்சர் வந்திருந்தார். எங்கள் கஷ்டத்தை நேரில் பார்க்க.

கஷ்டம் அவருக்குப் பின்னால் மிதந்துகொண்டிருந்தது. அவருக்கும் கூட வந்தவர்களுக்கும் நாற்காலிகளை ஆற்றுக்கு முதுகு காட்டிப் போட்டிருந்தார்கள்.

அதற்கு முன் மூன்று நாள் துப்பாக்கிக்காரர்கள் ஆற்றை மூடியிருந்தார்கள். யாரும் படகு இறக்கக்கூடாது என்று ஊர் ஊராகச் சீட்டு ஒட்டிவிட்டார்கள். நான்காம் நாள் விடிந்ததும் நூரிஸ் ஒரு கழியில் வெள்ளைத் துணியைக் கட்டிக்கொண்டு கிளம்பினாள். வழியில் நிறுத்தினார்கள். ஒருவன் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னான்.

அவனே போகச் சொன்னான்.

இங்கே பாதுகாப்புப் படகு குறுக்கே நின்றது.

உடம்பெல்லாம் பை வைத்த சட்டை போட்ட ஒருவன்தான் எல்லாவற்றையும் நடத்திக்கொண்டிருந்தான். அமைச்சரின் ஆள். நான்காவது முறையாக அவனிடம் போனேன்.

"சார், கொழந்தைக்குக் காய்ச்சல் சார். ஒரே ஒரு படகு. சத்தமில்லாம ஓரமா கட்டிடுறேன்."

"அரை மணி நேரம்பா. நேரலை போயிட்டிருக்கு. அமைச்சர் தலைக்குப் பின்னாடி படகு வந்தா நல்லாவா இருக்கும்?"

"எட்டு மணிக்கும் இதே அரை மணியதான் சொன்னீங்க."

"அப்ப மழை. இப்ப பேச்சு."

வாழைக்காய் விற்கிற கிளமென்சா தன் கூடையைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். அவளையும் மற்ற கடைக்காரிகளையும் கயிறு கட்டி ஒரு ஓரமாக ஒதுக்கியிருந்தார்கள்.

"ராசா, அறுபது நாக்காலிக்கு எடம் இருக்கு, ஒரு படகுக்கு இல்லையா? ஒங்க அமைச்சர எந்திரிக்கச் சொல்லு. அந்த எடத்துல ரெண்டு படகு கட்டலாம்."

கடைக்காரிகள் சிரித்தார்கள். அவனும் சேர்ந்து சிரித்தான். அவன் கோபப்பட்டிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன்.

ஒன்பதரைக்கு நூரிஸ் போனில் கூப்பிட்டிருந்தாள். "அண்ணே, பிள்ளைக்கு ஒடம்பு தூக்கித் தூக்கிப் போடுது. தண்ணியில எறங்கி வந்துடட்டுமா?"

"எறங்காத. ஆறு இழுக்குது. பத்து நிமிஷம் பொறு, நான் பேசுறேன்."

பத்து நிமிடம் என்று சொன்னது நான்தான்.

பத்து மணிக்குப் பிறகு அவள் போனை எடுக்கவில்லை.

"நாங்கள் பேச வரவில்லை. உங்களைக் கேட்க வந்திருக்கிறோம்" என்றார் அமைச்சர். நாற்பது நிமிடமாக இதைத்தான் வெவ்வேறு விதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். முன்வரிசை மட்டும் கைதட்டியது.

அப்போது ஆற்றில் தாளம் கேட்டது.

படகில் யாரோ காலி பெட்ரோல் கேனைத் தட்டினார்கள். ஒரு பெண் குரல் எடுத்தாள். துள்ளலான பாட்டு. குருவி வந்து கதவைத் தட்டுகிறது, யார் போய்த் திறப்பது என்று அவள் கேட்க, மற்றவர்கள் கை தட்டிக்கொண்டே, நீ திற, நீ திற என்றார்கள்.

நூரிஸின் குரல் அதில் இல்லை.

அமைச்சர் பேச்சை நிறுத்தித் திரும்பினார். நாற்காலிகளும் திரும்பின. கேமராக்கள் ஆற்றைப் பார்த்தன. காலையிலிருந்து முதல்முறையாக எல்லோரும் அந்தப் படகைப் பார்த்தார்கள்.

அமைச்சர் முகமெல்லாம் சிரிப்பாகக் கை தட்ட ஆரம்பித்தார். தாளம் தப்பவில்லை. அவரோடு வந்த ஒரு அம்மாள் இடுப்பை லேசாக ஆட்டினாள்.

பைச் சட்டைக்காரன் என் தோளில் கை போட்டான்.

"பாத்தியா? நீதான் கெடந்து பதறுன. அவங்க ஜாலியா இருக்காங்க. ஒடம்பு சரியில்லாத கொழந்தைய மடியில வச்சிக்கிட்டு யாராவது இப்படிப் பாடுவாங்களா?"

"பாடமாட்டாங்க" என்றேன்.

அவன் கை என் தோளிலேயே இருந்தது.

கிளமென்சா கூடையிலிருந்து எழுந்தாள். தொப்பியைக் கழற்றினாள். நீ திற, நீ திற என்று கரையிலிருந்து அவளும் பதில் பாடினாள். கடைக்காரிகள் ஒருவர் பின் ஒருவராக எழுந்து சேர்ந்துகொண்டார்கள். அவர்கள் யாரும் சிரிக்கவில்லை.

மொத்தப் படித்துறையும் தனக்காக எழுந்து நிற்கிறது என்று அமைச்சர் நினைத்திருக்க வேண்டும். நெஞ்சில் கை வைத்துத் தலை குனிந்தார். பிறகு மைக்கில், "அருமை, இன்னொரு தடவை!" என்றார்.

ஏழு வயதுக்குள் செத்துப்போகிற பிள்ளைக்கு எங்கள் ஆற்றில் யாரும் அழக்கூடாது. அழுதால், வானத்துக்குப் பறக்கிற அதன் சிறகு நனைந்துவிடுமாம். கை தட்டி இந்தப் பாட்டைப் பாடித்தான் அனுப்புவோம்.